அந்தோணியார் இறக்கமும் லோ ஒன்றாம் கியரும்

பத்தடி தூரத்தில் பாய் விரித்து மதியத் தூக்கம் தூங்கிக்கொண்டிருக்கும் என் மகனுக்கு,

ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாரே, இந்த மனுஷனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டதா என்று நீ நினைப்பாய். ஏறித்தான் இருக்கிறது. இன்றைக்கு உப்பளத்தில் அடிக்கிற வெயிலில், பாத்தி ஓரம் வந்து உட்கார்ந்த காக்கை ஒன்று கால் சுட்டு, மரக்காணம் வரைக்கும் நொண்டிக்கொண்டே பறந்துபோனது. பார்த்தாயா, மூன்று வரி எழுதுவதற்குள் ஒரு பொய் வந்து உட்கார்ந்துவிட்டது. இதற்காகத்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னால் நான் ஒன்றுக்கு நூறு சேர்ப்பேன் என்பது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், கடலுக்கும் தெரியும். எழுதினால் அப்படி முடியாது. ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கைக்குப் பேனா பிடித்தால் நாலாவது பொய்யிலேயே விரல் மரத்துப்போகும். அதற்குப் பிறகு வருவது உண்மையாகத்தான் இருந்தாக வேண்டும்.

நேற்றுக் காலையில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். பல் விளக்கிக்கொண்டே, ஏதோ கடையில் என்ன வாங்கி வரவேண்டும் என்று கேட்பதுபோலக் கேட்டாய். "ஏம்பா, சனிக்கிழமை பாலத்து மேல போனதும் நியூட்ரல் எங்க போடணும்? கைப்புடி சுவரு தாண்டியா, தாண்டறதுக்கு முன்னாடியா?" நான் பதில் சொல்லாமல் துண்டைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டேன். துண்டு என் தோளில்தான் இருந்தது. அந்தக் கேள்விக்கு உண்டான பதில் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். ஆறு வருஷத்துப் பதில் இது.

என் கண்ணில் புரை விழுந்து, உப்பள முதலாளி டிராக்டரை உன் கையில் கொடுத்து மூன்று மாசம் ஆகிறது. நீ நல்ல டிரைவர். உன் வயசில் நான் ஓட்டியதைவிட நன்றாக ஓட்டுகிறாய் என்று சொன்னால் அது பெரிய புகழ்ச்சி இல்லை. உன் வயசில் நான் ஓட்டியதைவிட எருமை நன்றாக ஓட்டும். உப்பு அம்பாரத்திலிருந்து முதல் லோடு எடுத்த அன்றைக்கு நான் செய்ததை முதலாளி இன்னும் மறக்கவில்லை. பனி இறங்கி நனைந்த உப்பு அது. பார்வைக்குப் பஞ்சு மூட்டை மாதிரி இருந்தது, எடையோ ஒரு கோயில் மணியை உருக்கி ஊற்றிய மாதிரி. கையைக் கட்டிக்கொண்டு நின்ற முதலாளிக்கு முன்னால் நான் ஹை கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை முறுக்கப் பிடித்து, கிளட்ச்சைச் சடாரென்று விட்டேன். டிரெய்லர் அசையவில்லை. டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. நான் மல்லாந்தபடி புதுச்சேரிக் கலங்கரை விளக்கத்தையும், அதற்கு அப்பால் கப்பல் இரண்டையும், அதில் ஒருவன் சுருட்டுப் பிடித்ததையும் பார்த்தேன். இறங்கியதும் முதலாளி சொன்னது ஒரே வார்த்தை: "மாட்டு வண்டி ஓட்டத் தெரியுமா?" அன்றைக்குக் கற்றுக்கொண்டேன், பின்னால் ஒன்று கட்டியிருந்தால் வண்டி ஓட்டுகிறவன் தன் அவசரத்தை வைத்துக் கியர் போடக்கூடாது, பின்னால் இருப்பதன் எடையை வைத்துப் போட வேண்டும் என்று. கற்றுக்கொண்டது ஏற்றத்துக்கு மட்டும். இறக்கம் என்று ஒன்று இருப்பதை நான் நினைக்கவில்லை.

அந்தோணியார் தேர் டிராக்டருக்கு எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். நீ எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வருஷம். அதுவரைக்கும் தோளில்தான் தூக்கினார்கள். யார் தோள் முதல் தோள் என்பதில் உப்பளத் தெருவுக்கும் குப்பத்துக்கும் வருஷா வருஷம் சண்டை. அந்த வருஷம் சண்டை முற்றி, தேர் கோயில் வாசலிலேயே மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. பங்குச் சாமியார் வெளியே வந்து, "டிராக்டருக்குத் தெருவும் கிடையாது, சாதியும் கிடையாது. அது இழுக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். முதலாளி இந்துதான், ஆனால் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு பெண்ணுக்கு வரன் அமைந்தவர். உடனே வண்டியைக் கொடுத்துவிட்டார். உப்பு அடிக்கிற டிரெய்லரைக் கழுவி, மேலே தேரை ஏற்றி, தேரில் நிற்கும் அந்தோணியார் சுரூபம் ஆடக்கூடாது என்று அடியில் நாற்பது மூட்டை உப்பை அடுக்கினோம். மந்திரித்த அந்த உப்பைத் திருவிழா முடிந்து வீட்டுக்குப் பிடி பிடியாகக் கொடுப்பது அப்போது வந்த வழக்கம். இந்த வருஷம் வெளியூர்க்காரர்களும் கேட்கிறார்கள் என்று எண்பது மூட்டை ஏற்றப் போகிறார்களாம். இதை மனதில் வைத்துக்கொள்.

அன்றைக்கு நான் இருந்த கோலம் உனக்கு நினைவிருக்கிறதா? வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காதோரம் எண்ணெய், கழுத்தில் அந்தோணியார் பதக்கம். ரோமாபுரியிலிருந்து பாப்பரசரே ஆள் அனுப்பி, "நீதான் ஓட்ட வேண்டும்" என்று கேட்டுக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். கோயில் வாசலில் கிளட்ச்சை விட்டபோது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அந்தோணியார் முன்னால் குனிந்து நிமிர்ந்தார். தலைக்குப் பின்னால் இருந்த ஒளிவட்டம் கழன்று டிரெய்லருக்குள் விழுந்தது. பெண்கள் சிரித்தார்கள். ஜெபம் நடத்தும் உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை. ஏறிப்போய் வட்டத்தை மாட்டிவிட்டு, என்னைப் பார்த்து, "இன்னொரு தடவ நிறுத்தி எடுத்தியானா நீயே தோள்ல தூக்கினு போவ" என்றார். இந்தப் பேச்சுத்தான் பின்னால் என்னைப் பிடித்துக்கொண்டது. இனி வண்டியை எங்கும் நிறுத்தக்கூடாது என்று மனதுக்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

லோ இரண்டாம் கியரில் கால்வாய்ப் பாலம் ஏறினேன். எஞ்சின் போட்ட சத்தத்தில் அனுமந்தையிலிருந்து வந்த பேண்டுக்காரர்கள் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்காமல் ஆளுக்கொரு பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாலத்து உச்சியில் பிரார்த்தனை தொடங்கும் இடம் வந்தது. உபதேசியார் பக்கத்தில் ஓடிவந்து கத்தினார். "ஏம்பா, இந்த சத்தத்துல நம்ம ஜெபம் அந்தோணியார் காதுலயே விழாதுப்பா. கொஞ்சம் அடக்கு." ஆக்சிலேட்டரை மூடி மெல்ல இறங்க லோ ஒன்று வேண்டும். லோ இரண்டிலிருந்து லோ ஒன்றுக்கு மாற்ற வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தி எடுத்தால் குலுங்கும். குலுங்கினால் ஒளிவட்டம் விழும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடுகிற வண்டியிலேயே கிளட்ச்சை மிதித்து, நியூட்ரலுக்குத் தட்டிவிட்டேன். சத்தம் அடங்கியது. உபதேசியார் சந்தோஷமாகத் தலையாட்டினார். பத்தடி, பன்னிரண்டு அடி, தேர் தண்ணீரில் போகிற தோணி மாதிரிப் போயிற்று. என்னைப்போல ஒரு டிரைவர் கடற்கரை ஜில்லாவிலேயே கிடையாது என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் கை வலிக்க ஆரம்பித்துவிட்டது. ஆகவே இனி எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்.

டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது. நாற்பது மூட்டை உப்பும் தேரும் டிராக்டரை முதுகில் கைவைத்துத் தள்ள ஆரம்பித்தன. கியரை மறுபடி போடப் பார்த்தேன். பல் பல்லோடு உரசிற்று, விழவில்லை. வேகம் எடுத்த பிறகு விழாது. பிரேக்கை மிதித்தேன். டிராக்டர் வழுக்கியது, டிரெய்லர் ஒரு பக்கமாக மடங்கப் பார்த்தது, பயந்து காலை எடுத்தேன். முன்னால் பேண்டுக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் பூத்தட்டு ஏந்திய பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால், வண்டிக்கு மிக அருகில், கொடி பிடித்துக்கொண்டு உன் அம்மா. அவள் பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு நீ. அந்தப் பக்கம் கால்வாய், இந்தப் பக்கம் கால்வாய். திருப்ப இடம் இல்லை. கத்தினேன். பிரார்த்தனைச் சத்தத்தில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நானும் சேர்ந்து சொல்வதாக நினைத்திருப்பார்கள். பிறகு ஸ்டியரிங்கை விட்டுக் கையைக் கூப்பினேன். பக்தியினால் இல்லை. அந்த இரண்டு கைகளால் செய்வதற்கு வேறு எதுவும் பாக்கி இல்லை.

வண்டி ஒரு உதறு உதறி நின்றது. கொடிக்கும் டிராக்டர் மூக்குக்கும் நடுவில் ஒரு விரக்கடை இடைவெளி என்று இத்தனை வருஷமாக எல்லாருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். பொய். நான்கு முழம் இருந்தது. நான்கு முழம் போதுமான அளவுக்குப் பயங்கரம்தான். அதைக் குறைத்திருக்க வேண்டியதில்லை.

உன் அம்மா திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் திரும்பினார்கள். அவர்கள் கண்டது, இறக்கத்தின் நடுவில் சத்தமில்லாமல் நிற்கும் தேரும், கைகூப்பி, கண்மூடி உட்கார்ந்திருக்கும் நானும். உபதேசியார் மண்டியிட்டார். அடுத்த நிமிஷம் ஊரே மண்டியிட்டது. "அந்தோணியார் நிறுத்திட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. மறுப்பதற்குத் தொண்டையில் ஈரம் இல்லை என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் சாயங்காலம் ஈரம் வந்துவிட்டது, அப்போதும் சொல்லவில்லை.

நிறுத்தியது சவரிமுத்து. ஆமாம், இப்போது நீங்கள் எல்லாரும் "சாஞ்ச சவரி" என்று கூப்பிடுகிறீர்களே, அதே சவரி. உப்பளத்து ஆட்கள் உப்பு வாரும் பலகையை மந்திரிக்க எடுத்துக்கொண்டு தேரின் இடப்பக்கம் நடந்து வருவார்கள் இல்லையா, அவர்களில் கடைசி ஆளாக வந்தான். வண்டிச் சத்தம் அடங்கியதும் மற்றவர்கள் செபத்தில் இறங்கினார்கள். சவரி மட்டும் டிரெய்லர் சக்கரத்தைப் பார்த்தான். பலகையைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டான். போதவில்லை, பலகையோடு வழுக்கியது. குதிகாலால் பலகையை அண்டக் கொடுத்தான். பலகை உடைந்தது, பாதமும் உடைந்தது, வண்டி நின்றது. அவன் கத்தியபோது ஊர் மண்டியிட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஊர் சொன்னது உனக்குத் தெரியும். கள்ளுக்கடை திறந்திருந்த காலம் அது, எமர்ஜென்சிக்கு முன்னால். "சாமி வர்ற பாதையில குடிச்சிட்டு வந்து சக்கரத்துல கால விட்டான், அந்தோணியாரு தண்டிச்சிட்டாரு" என்றார்கள். அன்றைக்கு அவன் குடிக்கவில்லை. மற்ற நாட்களில் குடித்தான், அது வேறு விஷயம். நடந்ததை அவன் சொன்னபோது குடிகாரன் பேச்சு என்று தள்ளிவிட்டார்கள். என் முன்னாலேயே இதைச் சொன்னார்கள், நான் தலையாட்டினேன். ஆறாத புண்ணோடு உப்புத் தண்ணீரில் நிற்க முடியுமா? பாத்தி வேலை போயிற்று. இப்போது அம்பாரத்துக்குக் காவல் இருக்கிறான். வருஷா வருஷம் பாவசங்கீர்த்தனத்தில் "பொய் சொன்னேன் சாமி" என்று மட்டும் சொல்வேன். "எத்தனை?" என்பார். "எண்ணவில்லை சாமி" என்பேன். என்னைத் தெரிந்தவர், ஆகையால் மேலே கேட்கமாட்டார். பெரிய பொய்யை ஒளித்துவைக்கச் சின்னப் பொய்க்காரன் என்ற பேர்போல வசதியானது எதுவும் இல்லை.

அடுத்த வருஷத்திலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பாலத்து உச்சியில் பேண்டு நிற்கும், எஞ்சின் அடங்கும், டிரைவர் கைகூப்புவான், தேர் தானாக இறங்கும். அந்த இடத்துக்கு அந்தோணியார் இறக்கம் என்று பெயர் வைத்தார்கள். நான்தானே ஓட்டினேன், ஐந்து வருஷமும் ஒரு தடவைகூட நியூட்ரல் போடவில்லை. உச்சிக்கு வருமுன் பிரார்த்தனைப் புத்தகம் கீழே விழுந்த மாதிரி நடித்து வண்டியை நிறுத்துவேன், லோ ஒன்றில் போடுவேன், ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு, முழங்காலால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கைகூப்புவேன். எஞ்சின் முனகும். அந்த முனகலுக்கும் நியூட்ரலுக்கும் வித்தியாசம் கேட்கத் தெரிந்த காது அந்தக் கூட்டத்தில் ஒன்றே ஒன்று. அது தேருக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

நேற்று அம்பாரத்துக்குப் போய் அவனைப் பார்த்தேன். கீற்று நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா, பெரிய டிரைவரு நடந்து வர்றாரு. வண்டி படுத்துக்கிச்சா?" என்றான்.

"சவரி, எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்" என்றேன்.

"யார்கிட்ட?"

"மொதல்ல என் பையன்கிட்ட. அப்பறம் ஊருகிட்ட."

பீடியைத் தட்டினான். "இந்த நெனப்பு ஆறு வருஷமா எங்க போச்சு?"

"பாலத்த ஒசத்திட்டானுங்க. இறக்கம் முன்ன மாதிரி இல்ல, ரெட்டிப்பா இருக்குது. பையன் நியூட்ரல் போடப் போறான்."

"அப்ப பையனுக்காக சொல்ற. எனக்காக இல்ல."

பொய் சொல்ல வாய் திறந்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமா" என்றேன்.

பீடியைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டு, "நீ சொன்னா நம்புவானா?" என்று கேட்டான். "போன மாசம் கழுவெளி ஏரியில யானை சைசுக்கு நண்டு பாத்தேன்னு சொன்ன ஆளு நீ."

"எருமை சைசுன்னுதான் சொன்னேன்."

சிரித்தான். அப்புறம், "அந்தப் பலக என்னா ஆச்சி?" என்றான்.

"அன்னிக்கே எடுத்துனு வந்துட்டேன், வீட்டுல இருக்குது. அவ அதுலதான் மீன் ஆய்றா."

"பரவால்ல, அதுக்காவது வேலை இருக்குது" என்றான். அவன் பக்கத்தில், கீற்று நிழலில் நானும் உட்கார்ந்தேன்.

ஆகவே மகனே, உன் கேள்விக்குப் பதில்: கைப்பிடிச் சுவர் தாண்டியும் இல்லை, தாண்டுவதற்கு முன்னாடியும் இல்லை. நியூட்ரல் என்பதே அந்தப் பாலத்தில் கிடையாது. இறக்கம் தொடங்க இருபது அடி முன்னால், பாலத்து மேல் தரை இன்னும் சமமாக இருக்கும்போதே, வண்டியை முழுசாக நிறுத்து. அந்தோணியார் குனிந்தால் குனியட்டும், ஒளிவட்டம் விழுந்தால் விழட்டும், பொறுக்கி மாட்டிக்கொள்ளலாம். பிரேக் மிதி இரண்டையும் கொக்கி போட்டு ஒன்றாக மாட்டு. ஒன்று மட்டும் பிடித்தால் வண்டி கால்வாய்க்குத்தான் திரும்பும். லோ ஒன்றில் போடு. கிளட்ச்சைக் குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி விடு. விட்டபின் அந்தக் காலைத் தூக்கி ஓரமாக வை, இறக்கம் முடிகிறவரை அது உன் கால் இல்லை. வேகம் கூடுகிற மாதிரி இருந்தால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு எடு. கிளட்ச்சை மட்டும் மிதிக்காதே. மிதித்த நொடியில் எஞ்சின் கையை விட்டுவிடும், எண்பது மூட்டையும் உன்னுடையது. பாதியில் கியர் மாற்ற வேண்டும் என்று தோன்றினால், அதை உச்சியிலேயே தப்பாக எடுத்துவிட்டாய் என்று அர்த்தம், அப்போதும் மாற்றாதே. உபதேசியார் கையை ஆட்டி அடக்கச் சொல்வார். நீ கடலைப் பார். கையைக் கூப்பவும் வேண்டாம். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும்.

ஊர் ஏமாந்துபோகும். தேர் தானாக இறங்கவில்லை, டிராக்டர் உறுமிக்கொண்டு இறங்குகிறது என்று முணுமுணுப்பார்கள். உன்னைத் திட்டுவார்கள், அப்பனுக்கு இருந்த பக்தி பிள்ளைக்கு இல்லை என்பார்கள். அப்படிச் சொல்ல இடம் வைக்கக்கூடாது என்றுதான் இந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்திருக்கிறேன். அதனால்தான் விரல் வீங்கிக் கிடக்கிறது. இப்போது போய்ச் சாமியாரிடம் கொடுக்கப்போகிறேன். வெள்ளிக்கிழமை நவநாள் ஜெபம் முடிந்து, அறிவிப்பு வாசிக்கும் இடத்தில் அவர் இதை வாசிப்பார், காக்கை நீங்கலாக. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நீ என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அம்மாவுக்கு மட்டும் அதற்கு முன்னாலேயே நீ வாசித்துக் காட்டிவிடு. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் கேட்பதை என்னால் தாங்க முடியாது.

இன்னும் ஒன்று. சவரியைத் தேரில், மூட்டை மேல் உட்கார வைத்துத்தான் நீ வண்டியை எடுக்க வேண்டும். "நான் மேல ஒக்காந்தா ஊரு ஒத்துக்குமா?" என்று கேட்டான். "டிரைவர் சொன்னா ஊரு கேக்கும்" என்று உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்புத்தான். வாசித்து முடிந்தபின் ஊர் அவனை எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியாது. என்னை எப்படிப் பார்க்கும் என்று தெரியும்.

நம்புவாயோ என்னவோ. நம்புவதற்கு என் வாயை நீ சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தை அடுப்பங்கரையில் மீன் ஆயும் பலகைக்கு அடியில் வைத்திருக்கிறேன். எடுக்கும்போதே பார்த்திருப்பாய், பார்க்கவில்லை என்றால் இப்போது திருப்பிப் பார். பாதிப் பலகைதான் அது, ஒரு பக்கம் பிளந்திருக்கும். அடிப்பக்கத்தில் டயர் அச்சு மூன்று வரி பதிந்திருக்கும். நம் டிரெய்லரின் இடப்பக்கச் சக்கரத்தில் வைத்துப் பார், பொருந்தும்.

சனிக்கிழமை அம்மாவுக்கு மீன் ஆய வேறு பலகை ஏதாவது தேடிக்கொடு. அந்தப் பலகை, அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில், என் கையில் நடந்து வரும். எனக்குக் கண்தான் மங்கல், சக்கரம் உருளுகிற சத்தம் நன்றாகவே கேட்கும். நீ திரும்பிப் பார்க்காதே. முன்னால் அம்மா கொடி பிடித்துப் போய்க்கொண்டிருப்பாள்.

அப்பா